சட்டம் கேளுங்கள்: அப்பா வைத்த பலாமரத்தில் நானே வீணை செய்யலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 52 வயது. சின்ன வயதிலிருந்து வீணை வாசிப்பவர். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, இத்தனை காலம் வாசித்த கருவியைத் தன் கையாலேயே ஒன்று செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. தஞ்சாவூரில் ஓர் ஆசாரியின் பட்டறைக்கு பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொள்கிறார். முதன்முதலில் குடைந்த குடம் (வீணையின் உருண்டையான ஒலிப்பகுதி) காய்வதற்குள் பக்கவாட்டில் வெடித்துவிட்டது. “வெளியில் வாங்கும் கட்டையை நம்ப முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் நிலத்தில் அப்பா எனக்கென்று வைத்த பலாமரம் நிற்கிறது. அதை வெட்டிச் செய்யப் போகிறேன்” என்கிறார். அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் அது. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவும் இரண்டு அண்ணன்களும் இருக்கிறார்கள். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை. மூத்த அண்ணன் மரத்தில் கை வைக்கக் கூடாது என்கிறார்.

அடுத்தது பாட்டியின் வீணை. உடைந்துபோய் அம்மாவிடம் கிடக்கிறது. அதில் பதித்துள்ள வெள்ளைத் தகடுகள் தந்தம் என்று வீட்டில் சொல்வார்களாம். அவற்றைப் பெயர்த்துப் புது வீணையில் பதித்து, கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் திட்டம். இதற்கு நடுவில், “தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள், இனி வெளியாள் யாரும் வீணை செய்ய முடியாது” என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் உளிச் சத்தம் பற்றி அடுக்ககச் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். பட்டறையில் வைத்துச் செய்யும் வீணை கடைசியில் யாருக்குச் சொந்தம் என்பதும் அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் பயம்தான் முதலில் கண்ணில் படுகிறது. ஆகவே அதை முதலில் கழித்துவிடுவோம். தன் உபயோகத்துக்காக ஒருவர் வீணை செய்துகொள்ள இந்த நாட்டில் எந்த உரிமமும் வேண்டாம், எந்தச் சங்கத்தின் அனுமதியும் வேண்டாம். பட்டறையில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்றோ, குறிப்பிட்ட ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. செய்வதில் உங்களுக்குச் சிக்கல் கிடையாது. மரம் எங்கிருந்து வருகிறது, அந்த வெள்ளைத் தகடு எங்கிருந்து வந்தது, முடித்த பிறகு அதை என்ன பெயரில் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்ற மூன்று இடங்களில்தான் சட்டம் குறுக்கே வருகிறது.

அப்பாவின் மரம்

“பெண் பிள்ளை நான், அண்ணன் வேண்டாம் என்றால் என்ன செய்ய முடியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்பா தாமே வாங்கிய நிலம், உயிலும் இல்லை என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், இரண்டு அண்ணன்கள் என்று நான்கு பேருக்கும் சமமாக ஆளுக்குக் கால் பங்கு. மூத்தவர் என்பதற்காக அவருக்கு ஒரு பிடி மண் கூடுதலாகக் கிடையாது. இது பரம்பரைச் சொத்தாக இருந்திருந்தாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமைதான். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1989-லேயே, இதற்கு ஒரு திருத்தம் வந்துவிட்டது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாகம் பிரியாத நிலத்தில் இந்த மரம் உன்னுடையது, அந்த மரம் என்னுடையது என்று எதுவும் கிடையாது. ஒவ்வோர் அடி மண்ணிலும் நான்கு பேருக்கும் பங்கு இருக்கிறது, அதில் நிற்கும் ஒவ்வொரு மரத்திலும் அப்படியே. “அப்பா எனக்காகத்தான் வைத்தார்” என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாகவே இருக்கலாம். எழுத்தில் இல்லாத அந்த ஆசைக்கு நீதிமன்றத்தில் எடை கிடையாது. உங்களை உரிமையில்லாதவர் என்று அண்ணன் ஒதுக்க முடியாதது போலவே, அவரைக் கேட்காமல் நீங்களும் மரத்தைச் சாய்க்க முடியாது. மீறி வெட்டினால் அவர் தடையுத்தரவு கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம், மரத்தின் மதிப்பில் பங்கு கேட்கலாம். இதையே சாக்காக வைத்துப் பாகப்பிரிவினை வழக்கும் ஆரம்பிக்கலாம். அப்படி ஆரம்பித்த வழக்குகள் எத்தனை வருஷம் இழுக்கும் என்று நீதிமன்ற வாசலில் டீ விற்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

அண்ணன்களும் அம்மாவும் சம்மதித்தால் சாதாரணத் தாளில் ஒரு கடிதம் போதும். சர்வே எண், மரம் நிற்கும் இடம், வெட்டுகிற செலவு யாருடையது, அடிக்கட்டை யாருக்கு, மீதிப் பலகையும் விறகும் யாருக்கு என்று எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, மரத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தனம், தேக்கு, ஈட்டி போன்ற மரங்களுக்கு இருக்கிற கெடுபிடி பலாவுக்குக் கிடையாது. ஆனாலும் மரம் ஏற்றிச் செல்வதற்கென்று 1968-ஆம் ஆண்டு விதிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அதனால் லாரி பேசுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் யாருடையது என்பதற்கு ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் போடும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வக்கீல் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். உங்கள் முதல் குடம் வெடித்ததற்குக் காரணம் கடைக்காரர் ஏமாற்றியது மட்டும்தானா? ஈரம் காயாத கட்டை என்றால் யாருடைய தோட்டத்து மரமானாலும் வெடிக்கத்தான் செய்யும். அப்பாவின் மரத்தை இன்று வெட்டினால் அது இன்றைய பச்சை மரம். ஓர் அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது தச்சு வேலையில் புழங்கும் ஒரு கணக்கு. குடத்துக்கு எடுக்கும் கட்டையின் கனத்தை நினைத்துப் பாருங்கள். அதன் வெட்டுமுனைகளில் மெழுகோ பெயின்ட்டோ அடைத்து, நிழலில் போட்டு, நடுத்தண்டுப் பகுதியை ஒதுக்கி, மேலோட்டமாகக் குடைந்து மறுபடி காயவிட்டு என்று போனால், இந்த மரத்தில் உளி வைக்க இன்னும் சில வருஷம் ஆகும். நடுவில் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோனால், காய்ந்த கட்டை மட்டும்தான் மிச்சம். என் அபிப்பிராயம், முதல் வீணையை ஆசாரி தேர்ந்தெடுத்துத் தரும் பழைய காய்ந்த கட்டையில், ரசீதோடு வாங்கிச் செய்யுங்கள். ஒரே கட்டையில் குடைகிற ஏகாண்ட வீணை வேண்டாம், குடம் தனி, தண்டி என்கிற நீண்ட கழுத்துப் பகுதி தனி என்று செய்து இணைக்கும் ஒட்டு வீணையில் தொடங்குங்கள். ஒரு பகுதி கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். மரத்தைப் பற்றி அண்ணனிடம் பேசுவதை நல்ல நாள் பார்த்து, அம்மாவை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் செய்யலாம்.

பாட்டி வீணையின் வெள்ளைத் தகடுகள்

கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்த இடம் இது. நீங்களோ ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்.

முந்தைய தலைமுறை வீணைகளில் குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் தந்தமோ மான்கொம்போ மெல்லிய தகடாக இழைத்துப் பதிப்பார்கள். அதில் கோடு கீறி, பூவும் கொடியும் வரைந்து, கீறலில் வண்ணம் நிரப்புவார்கள். இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு வீணை உண்டு. வாசிப்பவர் என் மனைவி, சுருதி சேர்க்கும்போது இறுகிப்போன பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியை, திருகிக் கொடுப்பது மட்டும் என் வேலை. அதன் விளிம்பில் இருப்பதை விருந்தாளிகள் பலரும் தந்தம் என்றே நினைக்கிறார்கள். சுத்தமான பிளாஸ்டிக் அது. ஆகவே உங்கள் பாட்டி வீணையிலும் இருப்பது என்ன என்பதே முதல் கேள்வி. தந்தத்தின் வெட்டுமுனையை வெளிச்சத்தில் பார்த்தால் சன்னமான கோடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடும். எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். ஆனால் பதித்த தகட்டில் வெட்டுமுனை வெளியே தெரியாது. அதற்காகப் பெயர்த்துப் பார்க்காதீர்கள், சூடான ஊசியைக் குத்திப் பார்க்காதீர்கள். போட்டோ எடுத்து ஏதாவது குழுவில் போட்டு “இது தந்தமா?” என்று கேட்கவும் வேண்டாம். பழைய வீணைகளைப் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள ஆசாரி ஒருவர் வீட்டுக்கே வந்து பார்க்கட்டும்.

தந்தமாக இருந்தால் என்ன? 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடை செய்தது. 1991-ல் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தமும் அதே தடைக்குள் வந்தது. மான்கொம்பும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும். பின்னர் 2002 திருத்தத்தை ஒட்டி, 2003-ல் அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. இப்படிப்பட்ட பொருள் வைத்திருப்பவர்கள் 180 நாளுக்குள் அறிவித்துவிடலாம் என்றார்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுப் பரண்களின் கதை அதுதான்.

நீங்கள் நினைத்திருப்பதில் இரண்டு தவறுகள். “பாட்டியுடையது, அதனால் என்னுடையது” என்பது ஒன்று. பாட்டிக்குப் பிறகு வீணை உங்கள் அம்மாவிடம் வந்திருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்வரை அது உங்களுடையது ஆகாது. அம்மாவே மனசார எடுத்துக் கொடுத்தாலும் சரி, உரிமைச் சான்றிதழ் இல்லாத ஒருவர் இத்தகைய பொருளை வாரிசுரிமை வழியாக அல்லாமல் வேறு எந்த வழியிலும் பெறக் கூடாது என்பது 2002 திருத்தத்துக்குப் பிந்தைய நிலை. பரிசு, சீர், அன்பளிப்பு எதுவும் இதற்கு விலக்கல்ல. வாரிசாகப் பெறுபவரும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்க வேண்டும். “விற்கத்தானே கூடாது, பெயர்த்துப் பதித்தால் என்ன” என்பது இரண்டாவது தவறு. இப்போது இருப்பது ஒரு பழைய, உடைந்த குடும்பச் சொத்து. தகடுகளைக் கழற்றி இன்று செய்த புது வீணையில் பதித்த நிமிஷத்தில், அதன் பழமையைக் காட்டும் ஒரே சாட்சியையும் நீங்களே அழித்துவிடுகிறீர்கள். நாளை ஓர் அதிகாரி பார்த்தால் அவர் கண்ணுக்கு அது புதிதாகத் தந்தம் பதித்த வீணைதான். யானை, இந்தச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அது தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பாட்டி நினைவாகச் செய்தார் என்பதெல்லாம் ஜாமீன் மனுவில் எழுத உதவும், அவ்வளவுதான்.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. அந்த வீணையை அப்படியே அம்மா வீட்டில் தொடாமல் விடலாம். அன்றாட ஆபத்து குறைவு என்றாலும் சட்டச் சிக்கல் தீராது, அம்மா காலத்துக்குப் பிறகு அப்படியே உங்கள் தலையில் வந்து இறங்கும். இரண்டாவது, அம்மாவின் பெயரில் ஒரு வழக்கறிஞர் மூலம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விவரம் எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்பது. பாட்டி அந்த வீணையோடு உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ, கச்சேரி அழைப்பிதழ், வாங்கிய காலத்துக் குறிப்பு என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். காலம் கடந்த அறிவிப்பு என்பதால் தகடுகளை ஒப்படைக்கச் சொல்லவும் கூடும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நாமாகவே முன்வந்து ஒப்படைத்துவிடுவது. ஆசாரி பார்த்துத் தந்தம்தான் என்று சொன்னால் இரண்டாவது வழியே சரி என்பேன். தாமாக முன்வந்து எழுதியவருக்கும் சோதனையில் சிக்கியவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பாட்டியின் நினைவு புது வீணையில் இருக்க வேண்டும் என்றால் பழைய வீணையில் விரல் வைக்கும் பித்தளை மெட்டுகள், தந்திகளைப் பிடிக்கும் லங்கர், நாகபாசம், தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தகடு எல்லாம் இருக்கின்றனவே. அவற்றை எடுத்துப் பொருத்த எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கனடாவுக்கு அனுப்புவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தந்தத்தின் சாயல் இருந்தால்கூட அனுப்பாதீர்கள். உலக நாடுகளின் ஒப்பந்தப்படி அது இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் பிடிபடும், அங்கே பதில் சொல்லப்போவது உங்கள் மகள். பலா, பித்தளை, தேன்மெழுகு மட்டும் என்றால் அந்தக் கவலை கிடையாது. பிரடையை ஈட்டி மரத்தில் கடைந்தால், அந்த மரம் 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதை நினைவில் வையுங்கள். முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்கு வந்துவிட்டது. ஆனாலும் மரம் வாங்கிய ரசீது கையில் இருப்பது நல்லது. ரசீது இல்லாமல் யாராவது மலைப் பக்கத்திலிருந்து மலிவாக ஈட்டித் துண்டு கொண்டுவந்தால் ஓசியில் தந்தாலும் வேண்டாம். அப்புறம் ஒன்று, மேளத்தின் மெழுகு, அதாவது மெட்டுகளைப் பதித்து நிறுத்தும் மெழுகு, வெயிலில் இளகும். அனுப்புவதானால் கோடையில் அனுப்பாதீர்கள்.

‘தஞ்சாவூர் வீணை’ என்ற பெயர்

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.  உங்களைப் பயமுறுத்தியவர் அந்தச் செய்தியைப் பாதிதான் படித்திருக்கிறார். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றுவது வியாபாரத்தில் அந்தப் பெயரை. குடம் குடைவதையோ 24 மெட்டு வைப்பதையோ அது யாருக்கும் தனியுடைமை ஆக்கவில்லை. திருச்சி வீட்டில் செய்து வீட்டில் வைத்து வாசித்தால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நாளைக்கு இரண்டாவது, மூன்றாவது வீணை செய்து விற்கலாம் என்று தோன்றினால் “கையால் செய்த சரஸ்வதி வீணை” என்று விற்கலாம். “தஞ்சாவூர் வீணை” என்று போட வேண்டுமானால் அந்தக் குறியீட்டின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், அந்த எல்லைக்குள் அந்த முறையில் செய்திருக்கவும் வேண்டும். பொய்யாகப் போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தலைமுறையாக அந்த வேலையைச் செய்பவர்களின் கூலி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் ஆசாரியிடம் கேளுங்கள், அவரும் இதையே சொல்வார்.

கீழ்வீட்டுக்காரர் விஷயத்தில், நீங்கள் தொழிற்சாலை நடத்துகிறீர்கள் என்று அவர் சொல்வது செல்லாது. தன் வீட்டில் கைவேலை செய்வது வணிகம் ஆகாது. ஆனால் கொட்டாப்புளி விழும் ஒவ்வொரு அடியும் கான்கிரீட் தளம் வழியாக அவர் தலைக்கு மேல்தான் இறங்குகிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. உளி அடிக்கும் வேலையையும் வாச்சி போடும் வேலையையும் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். இழைப்பது, உப்புத்தாள் போடுவது, மெருகேற்றுவது மட்டும் வீட்டில், அதுவும் பகலில். அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போட்டு, முகமூடி அணிந்து, தூசி பொது நடையில் பறக்காமல் பார்த்துக்கொண்டால் சங்கத்துக்குப் பதில் எழுதும் வேலையே வராது.

பட்டறை வீணை யாருக்குச் சொந்தம்? மரம் உங்கள் பணத்தில் வாங்கியது, ரசீது உங்கள் பெயரில் என்றால் வீணை உங்களுடையது. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு கைவினைஞர் பக்கம் ஒரு நியாயம் வைத்திருக்கிறது. நீங்கள் ஒப்படைத்த பொருளில் அவர் தம் உழைப்பையும் திறமையையும் போட்டிருந்தால், பேசிய கூலி வரும்வரை அதை அவர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். இதுவரை கையில் பணமாகக் கொடுத்தது கற்றுத்தருவதற்கான தட்சணையா, வேலைக்கான கூலியா என்று உங்கள் கடிதத்தில் எனக்குப் புரியவில்லை. அவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம். மேளம் கட்டுவதை, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுரம் பார்த்துப் பதிப்பதை, எப்படியும் அவரிடம்தான் விடப்போகிறீர்கள், முதல் வீணையில் அதை நீங்களே முயல வேண்டாம். ஆகவே அந்த வேலைக்கு முன்பே உட்கார்ந்து பேசி, மாதத் தட்சணை எவ்வளவு, அவர் கைப்படச் செய்யும் வேலைக்குத் தனிக் கூலி எவ்வளவு, உடைந்தால் கட்டைச் செலவு யாருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இனிமேல் பணத்தை வங்கி வழியாகவோ போன் வழியாகவோ அனுப்புங்கள். ஆசாரியிடம் போய் எப்படி எழுதிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தால், வக்கீல் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.